நொச்சிமேட்டில் ஐந்து பேர் ஏறினால் பஸ் நிற்கும்

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் அருவி பார்க்கப் போகிறவள் அல்ல, அருவிக்குப் போகிற பஸ்ஸைப் பார்க்கப் போகிறவள் என்பது தெரியும். விழுப்புரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு தடத்தில் கடைசி ஸ்டாப் வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து எழுதுவேன். வீட்டுக்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயர் பஸ் பைத்தியம். மறுப்பதற்கில்லை.

போன புரட்டாசியில் ஒரு பதிவின் கீழே ஸ்டெல்லா என்பவர் எழுதியிருந்தார்: "அக்கா, எங்கள் பக்கம் ஒரு புது ஸ்டாப் பிறக்கப் போகிறது. பிறக்காமலும் போகலாம். நேரில் வந்து பாருங்கள்." ஓடுகிற பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறேன், நிறுத்திவிட்ட பஸ்ஸைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். ஒரு ஸ்டாப் பிறந்து நான் பார்த்ததில்லை. ஐப்பசி இரண்டாவது ஞாயிறு கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லும்போது என்ன காரணம் என்று மேலாளர் கேட்டார். பஸ் ஸ்டாப் பார்க்க என்று சொன்னால் நம்ப மாட்டார் என்பதால் பல்வலி என்றேன்.

விழுப்புரத்தில் காலை 9.10 பாசஞ்சர். செங்கல்பட்டு வரை 103 கிலோமீட்டர், டிக்கெட் 25 ரூபாய். 11.45க்கு இறங்கி, 12.05 புறநகர் ரயிலில் 5 ரூபாய் கொடுத்து ஏறினால் 12.18க்கு சிங்கப்பெருமாள் கோவில். நிலையத்துக்கு வெளியே வந்ததுமே ஷேர் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மற்ற ஊர்களில் எங்கே போகணும் என்று கேட்பார்கள். இங்கே எந்த கம்பெனி என்றுதான் கேட்பார்கள்.

"கம்பெனி இல்லீங்க, நொச்சிமேடு" என்றேன்.

"அப்டி ஸ்டாப் ஒண்ணும் கெடையாதேம்மா. எந்த கம்பெனி எதிர்ல கீது, அத்தச் சொல்லு."

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். பூட்டிக் கிடக்கும் டயர் குடோன் என்று சொல்லச் சொன்னார். சொன்னதும் டிரைவர் முகம் தெளிந்துவிட்டது. "அத்த மொதல்லியே சொல்லக் கூடாதா?" யாரோ கைவிட்டுப்போன குடோனுக்கு இருக்கும் முகவரி, ஜனங்கள் குடியிருக்கும் இடத்துக்கு இல்லை. எனக்கு சுருக்கென்றது.

ஒரகடம் கூட்டுரோடு வரை 12 கிலோமீட்டர், 30 ரூபாய். அங்கே ஆட்டோ மாறி வாலாஜாபாத் பக்கமாக இன்னும் 6 கிலோமீட்டர், 20 ரூபாய். ஞாயிறு என்பதால் லாரி குறைவு. ஆனாலும் முன்சீட்டில் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் என்பதால் ஜன்னலோரக் காட்சிகளை எழுத வழியில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து ஆளின் தோள்தான். 1.25க்கு டயர் குடோன் வாசலில் இறங்கினேன்.

என்னை அழைத்துப்போக முத்தம்மா நின்றிருந்தாள். இருபது வயது, ஒல்லி, பேசும்போது சாலையைப் பார்த்துப் பேசுகிறவள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பணியாளர், சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் 300 மீட்டர் போனால் நொச்சிமேடு. இருளர் குடும்பங்கள் குடியிருக்கும் இடம். அவள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, பையைச் சாலையோர வாடகை அறை ஒன்றில் போட்டுவிட்டு (அந்த அறைக்குப் பிறகு வருகிறேன்), இருவரும் புங்கந்தாங்கல் ஊருக்குள் நடந்தோம். முத்தம்மா தினமும் வேலைக்குக் கிளம்பும் வழி அதுதான்.

கம்பெனி பஸ் புங்கந்தாங்கல் கோயில் வாசலில் 7.05க்குக் கிளம்பி, 7.09க்கு நொச்சிமேட்டுப் பாதையின் முகப்பைக் கடந்து ஒரகடம் போகிறது. அந்த முகப்பில் நிற்காது. அங்கே ஸ்டாப் இல்லை, ஜிபிஎஸ் இருக்கிறது, கண்ட இடத்தில் நிறுத்தினால் டிரைவருக்குச் சம்பளப் பிடித்தம். அதனால் முத்தம்மா பஸ் வரும் திசைக்கு எதிராக 1.8 கிலோமீட்டர் நடந்து கோயில் வாசலுக்குப் போய் ஏறி, அதே பஸ்ஸில் தன் பாதை முகப்பைத் தாண்டி வேலைக்குப் போகிறாள். நான் கடிகாரம் பார்த்து நடந்தேன். 26 நிமிடம். நடுவில் ஏரி நிரம்பினால் வழிந்தோடும் கலங்கல் இருக்கிறது. மழை பெய்தால் சாலைக்கு மேலே முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். இதுவரை மூன்று முறை தண்ணீர் ஓடியிருக்கிறது, மூன்று முறையும் பஸ்ஸை விட்டிருக்கிறாள், மூன்று லேட் பதிவாகியிருக்கிறது. பயிற்சி முடியும் மூன்று மாதத்துக்குள் நான்காவது லேட் விழுந்தால் வேலை போய்விடும்.

"நாலாவது மழை எப்ப வருமோன்னு வானத்தப் பாத்துக்கினே கெடக்கறேன்க்கா" என்றாள். ஐப்பசியில் இதைச் சொன்னாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தலைக்கு மேலேயே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம் மூன்று மணி முதல் ஐந்தரை வரை, மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஓட்டுக்கட்டடத்தில் இவர்கள் கூடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. 'மூணு மாசம்' என்று சொன்னால் அக்கம்பக்கத்தில் தெரியும். முப்பத்து நான்கு வயது ஸ்டெல்லா இந்த ஊர்க்காரர், வேறொரு கம்பெனியில் லைன் லீடர். வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்துச் சலித்து இதைத் தொடங்கியிருக்கிறார். ஏற்பாடு எளிமையானது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு அதே கம்பெனியில் ஏற்கனவே நிலைத்துவிட்ட ஒரு பெண் கூட்டாளி. கூட்டாளி அவள் தெருவைச் சேர்ந்தவளாகவோ அவள் சமூகத்தைச் சேர்ந்தவளாகவோ இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு அவள் சாதிச் சான்றிதழ் அலைச்சலிலிருந்து சூப்பர்வைசர் திட்டுவது வரை எல்லாவற்றிலும் கூட்டாளி கூட நிற்க வேண்டும். முதல் மாதத்துக்குள் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டும்.

நான் போன அன்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஊர்த்தெரு, காலனி, நொச்சிமேடு, தெற்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்கள். ஒரே தெருக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று ஒரு விதி. தெரியாமல் உட்கார்ந்த இரண்டு பேரை ஸ்டெல்லா விரலசைத்து எழுப்பினார். லெமன் சாதமும் உருளைக்கிழங்கும் இருந்தன. டீ நேரம் கம்பெனி மாதிரியே பத்து நிமிடம், மணி அடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நான் பாதி டீயோடு மாட்டிக்கொண்டேன்.

முத்தம்மாவின் கூட்டாளி பவானி. ஊர்த்தெருப் பெண், இருபத்து மூன்று வயது, இரண்டு வருட சீனியர், லைனில் எல்லாரையும் கலாய்க்கிறவள் என்று சொன்னார்கள். அன்று அவள் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு விதி முடிந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் ஸ்டெல்லா. முத்தம்மா தூக்கவில்லை. "பவானிக்கா எங்க வூட்ல ரெண்டு வாட்டி சாப்ட்டாங்க. நான் அவங்க வூட்டுக்கு இன்னும் போல" என்றாள், குற்றம் சொல்லும் குரலில் அல்ல. பவானி குனிந்து நகத்தைப் பார்த்தாள். ஸ்டெல்லா அதற்கு மேல் தோண்டவில்லை.

இப்போது ஸ்டாப் கதைக்கு வருகிறேன். பஸ் விடும் ஒப்பந்தக்காரரின் விதி இது: கம்பெனி கார்டு உள்ள ஐந்து பேர் அந்த இடத்தைத் தங்கள் ஸ்டாப்பாகப் பதிவு செய்து, கணக்கெடுக்கும் நாளில் அங்கே ஏற வேண்டும். ஏறியதும் படியருகே இருக்கும் மெஷினில் கார்டை வைக்க வேண்டும், அப்போதுதான் கணக்கு. பின்னால் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்தால் ஸ்டாப் போய்விடும். மூன்று வாரம் முன்பு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். முத்தம்மா, நொச்சிமேட்டிலிருந்தே அவள் சித்தப்பா மகள், தெற்கத்திப் பெண்கள் இருவர், ஐந்தாவதாகக் காலனிப் பெண் ஒருத்தி. ஐந்து பேரும் ஒரே வானநீலச் சட்டையில் ஜம்மென்று நின்றார்கள். மெஷின் நான்குதான் எண்ணியது. காலனிப் பெண் காண்ட்ராக்ட் ஆள். சட்டை ஒன்றேதான், கார்டு தொங்கும் கழுத்துப் பட்டை மட்டும் சிவப்பு. நீலப் பட்டைக்குத்தான் பஸ் என்பது அவளுக்கே தெரியாது. ஒரே லைனில் ஒரே வேலை செய்கிறவளுக்கு அது எப்படித் தோன்றும்? அன்று அவள் அழுதாளாம். இரண்டாவது கணக்கெடுப்பு மறுநாள் திங்கட்கிழமை காலை. அதிலும் தவறினால் ஆறு மாதத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. முத்தம்மாவுக்கு மிச்சமிருப்பதோ ஒரு மாதம்.

இந்தப் பக்கத்தில் நீலப் பட்டையோடு மிச்சமிருந்தவள் பவானி ஒருத்திதான். அவள் வீட்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் கோயில் ஸ்டாப். பதிவில் தன் ஸ்டாப்பை மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள், வீட்டில் சொல்லவில்லை. சனிக்கிழமை யார் மூலமாகவோ அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டம் கலையும்போது பவானி என்னிடம் வந்தாள். "நீங்கதான் பஸ் எழுதறவங்களா? எங்கப்பா இன்னா சொல்றாரு தெரியுமா? வாசல்ல நிக்கிற பஸ்ஸ வுட்டுட்டு அங்கப் போயி ஏறினா நாலு பேரு இன்னா கேப்பாங்கன்றாரு. அந்த நாலு பேர நான் பாத்ததே இல்லக்கா."

"நாளைக்கு வருவியா?"

"காலைல அவரு பால் சொசைட்டிலேர்ந்து கேனோட வந்து ஸ்டாப்லதான் நிப்பாரு. பஸ் கெளம்பற வரைக்கும் நிப்பாரு" என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரவு தங்கியது அந்தச் சாலையோர அறையில். சங்கரன்கோவில் பக்கத்து இசக்கியும் அவள் தோழியும் எடுத்திருக்கும் ஒற்றை அறை, நொச்சிமேட்டுப் பாதை முகப்பிலிருந்து 400 மீட்டர். இரண்டு பேரும் முன்பு கூட்டுரோட்டில் இருந்தார்கள். ஸ்டாப்புக்கு ஆள் வேண்டும் என்றதும் இங்கே மாறிவந்துவிட்டார்கள். பெரிய தியாகம் பண்ணியிருக்கிறாய் என்று நான் உருக ஆரம்பித்தேன். இசக்கி உடனே தட்டிவிட்டாள். "தியாகம்லாம் ஒண்ணும் இல்லக்கா. அங்க பாத்ரூமுக்கு பன்னெண்டு பேரு நிக்கணும். இங்க நாங்க ரெண்டு பேருதான். எங்க ஊர்லயும் சாதிக்கொரு தெரு, தெருவுக்கு ஒரு பஸ் ஸ்டாப்புதான் இருக்கு, அது என்னன்னு எங்களுக்குத் தெரியும்லா." சோறு, பருப்பு, அப்பளம். நன்றாகத் தூங்கினேன்.

திங்கள் காலை 6.40க்கு முகப்பில் நின்றோம். தூறல். முத்தம்மா, சித்தப்பா மகள், இசக்கி, தோழி. நான்கு நீலப் பட்டை. காலனிப் பெண்ணும் வந்திருந்தாள், சிவப்புப் பட்டையோடு, சும்மா கூட நிற்பதற்கு. அவள் ஷேர் ஆட்டோவில் போகிறவள், அன்று அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள். ஸ்டெல்லா தன் ஷிப்டுக்குப் போய்விட்டார், போனில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்.

6.55. ஊர்ப் பக்கமிருந்து யாரும் வரவில்லை. 7.00. இசக்கி பவானிக்கு போன் போட்டாள், எடுக்கவில்லை. 7.05. இந்நேரம் கோயிலில் பஸ் கிளம்பியிருக்கும். முத்தம்மா சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

7.10க்கு பஸ் வந்து நின்றது. அதுவரை நின்றேயிராத இடத்தில் நிற்பதால் டிரைவர் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். கணக்கெடுக்க வந்த டிரான்ஸ்போர்ட் ஆள் தாள் அட்டையோடு இறங்கினார். அவருக்குப் பின்னால், மூன்றாவது ஜன்னலில், பவானி உட்கார்ந்திருந்தாள்.

எல்லாருமே பார்த்தோம். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நாகரிகமாக இருக்காது. இந்தப் பெண் வராமலாவது இருந்திருக்கலாம், பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று நினைத்தேன்.

ஒவ்வொருவராக ஏறிக் கார்டை வைத்தார்கள். மெஷின் நான்கு முறை கூவியது. "நாலுதான் கீது" என்று டிரான்ஸ்போர்ட் ஆள் பேனாவைத் திறந்தார்.

"இரு சார், எழுதாத." பவானி எழுந்து, படியருகே நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். தூறலில் சாலையில் வந்து நின்றாள். ஒரு நொடி எங்களைப் பார்த்தாள். திரும்ப அதே படியில் ஏறி, கழுத்துப் பட்டையிலிருந்த கார்டை எடுத்து மெஷினில் வைத்தாள். ஐந்தாவது முறையாகக் கூவியது.

"ஏம்மா, நீ கோயில்லயே ஏறிட்டியே" என்றார் அவர்.

"ஏறினேன். கார்டு வெச்சேனா? நீயே பாரு சார், மெஷின்ல."

அவர் பார்த்தார். கோயில் ஸ்டாப்பில் அவள் கார்டு இல்லை. கேனோடு நின்ற அப்பாவின் கண்ணுக்காகக் கோயிலில் ஏறியிருக்கிறாள், கார்டை மட்டும் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நாலு நிமிடம் உட்கார்ந்து வந்திருக்கிறாள். டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சொன்னார்: "பதிவுல அந்தப் பொண்ணு ஸ்டாப் இதானே கீது? இங்க ஏறிச்சி, இங்க வெச்சிச்சி. எழுதிக்கினு வா சார், டைம் ஆவுது."

முத்தம்மா கேட்டாள், மெதுவாக, "நாளைக்கு இன்னா பண்ணுவக்கா?"

"நாளைக்கு நடந்து வருவேன். இன்னிக்கு சாயந்தரம் வூட்ல சொல்லிக்கறேன். தெனம் இந்த மாதிரி ஏறி எறங்கி ஏற முடியுமா?" என்றாள் பவானி. எல்லாருக்கும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் முன்னால் மனதில் திட்டியதற்கு அவளிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் போலிருந்தது, இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

டிரான்ஸ்போர்ட் ஆள் தாளில் குனிந்தார். "ஸ்டாப் பேரு இன்னா போடறது? டயர் குடோன்னு போட்டுக்கறேன், எல்லாருக்கும் தெரியும்."

"நொச்சிமேடு" என்றாள் முத்தம்மா. சாலையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அப்டியே எழுது சார்."

எழுதினார். பஸ் 7.16க்குக் கிளம்பியது. நானும் காலனிப் பெண்ணும் சாலையில் நின்றோம். "அடுத்தது செவப்புப் பட்டைக்கும் பஸ் கேக்கணும்க்கா" என்றாள் அவள். நிச்சயமாகக் கேட்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்டு வாங்கும் வழி இப்போது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இதை எழுதும்போது ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. கலங்கலில் அதற்குப் பிறகு ஐந்து முறை தண்ணீர் ஓடிவிட்டது. முத்தம்மாவின் லேட் மூன்றிலேயே நின்று, பயிற்சிக் காலமும் முடிந்துவிட்டது. பவானி தினமும் 1.8 கிலோமீட்டர் நடந்து வந்து ஏறுகிறாள். மழை வரும்போலிருந்தால் மட்டும் முதல் நாள் இரவே இசக்கியின் அறையில் தங்கிவிடுகிறாளாம். அவள் அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. முத்தம்மாவுக்கு அந்த வீட்டில் சாப்பாடும் இன்னும் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் நடந்தது இவ்வளவுதான். எத்தனையோ தடங்களில் போயிருக்கிறேன், ஸ்டாப் என்பது யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து வைப்பது என்றே நினைத்திருந்தேன். ஐந்து பெண்கள் வந்து நின்றதால் ஒரு ஸ்டாப் உண்டானதை இங்கேதான் பார்த்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஞாயிறு கூட்டத்தைப் பார்க்கலாம், ஆனால் வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் வேண்டாம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள், கம்பெனிகளில் மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் போனால் கையோடு வேலை கொடுப்பார்கள். மதியம் இரண்டரைக்குள் போய்விடுங்கள், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள், டீயைச் சீக்கிரம் குடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ரப்பர் செருப்பு போதும், ஷூ வீணாகிவிடும். விழுப்புரத்திலிருந்து ஒருவழிச் செலவு மொத்தம் 80 ரூபாய்.

வழக்கம்போல ஆட்களின் பெயர்களை மாற்றுவதாக இருந்தேன். போனில் முத்தம்மாவிடம் கேட்டபோது, "என் பேர மாத்திக்கோக்கா, ஸ்டாப் பேர மாத்தாத" என்றாள். ஸ்டாப் பெயரை மாற்றவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவில் ஏறும்போது எந்த கம்பெனி என்று கேட்பார்கள். நொச்சிமேடு என்று சொல்லுங்கள். அப்படி ஸ்டாப் கிடையாது என்பார்கள். டயர் குடோன் என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொரு முறை நொச்சிமேடு என்றே சொல்லுங்கள்.